எஞ்சினும் உடன்வரும் உபகரணங்களும்

பூங்காவனக்குப்பத்தின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்ட செய்தி, எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒரு மைக் ஆட்டோ வழியாக உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. அந்தச் சாலைக்கு விரைவு என்று பேர் வைத்தவர் யாரோ, புண்ணியவான். இரண்டு மணி நேரம் ஆட்டோ நகரவில்லை. அதுவரைக்கும் செய்தியை லாரி டிரைவர்கள் மட்டுமே கேட்டார்கள். அவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்கள் பூங்காவனக்குப்பம் வெளிநாட்டில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில், கடலோரமாக ஒன்பது குப்பங்கள். ஒன்பதுக்கும் சேர்த்து ஒரு கூட்டமைப்பு. அதில் மூன்று குப்பங்கள் பெரியவை, நிரந்தர உறுப்பினர்கள். மற்ற ஆறும் கை தூக்க மட்டும் கூப்பிடப்படும். கூட்டமைப்பின் தலைவர் பொன்ராஜ், பெரிய மூன்றில் ஒன்றைச் சேர்ந்தவர். கூட்டம் நடப்பது வலை பின்னும் கொட்டகையில்.

பூங்காவனக்குப்பத்தின் மேல் குற்றச்சாட்டு இதுதான். அதன் தலைவர் வெற்றி, ரகசியமாக ஒரு சுருக்குவலை வைத்திருக்கிறார். கடலில் குஞ்சு குளுவான் விடாமல் ஒரே வளைப்பில் அள்ளிவிடும் வலை அது. அந்த வலையை யாரும் பார்த்ததில்லை. எங்கே வைத்திருக்கிறார் என்றும் தெரியாது. பெரிய மூன்று குப்பங்களிடம் ஆளுக்கு இரண்டு சுருக்குவலை இருப்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் அவற்றைக் கொட்டகைக்கு வெளியேதான் காயப்போட்டிருந்தார்கள்.

"நம்மகிட்ட கீறது வேற," என்று பொன்ராஜ் கூட்டத்தில் விளக்கினார். "நாம பொறுப்பான ஆளுங்கோ. எப்ப போடணும், எப்ப போடக் கூடாதுன்னு நமக்குத் தெரியும். தெனமும் போடணும்னு தெரிஞ்சிதான் தெனமும் போடறோம். அவன் பொறுப்பு இல்லாதவன். அவன்கிட்ட இருந்தா ஆபத்து."

அந்தக் காலமாக இருந்தால் நாலு பேர் போய் வெற்றியின் சட்டையைப் பிடித்திருப்பார்கள். ஆனால் பொன்ராஜ் இப்போது ராத்திரிச் சாப்பாட்டோடு டிவி விவாதம் பார்க்கிறவர். பெரிய நாடுகள் சண்டை போடுவதை விட்டுவிட்டு, பிடிக்காதவன் கடையை மூடவைக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டுவிட்டதை அவர் கவனித்திருந்தார். ஐஸ் கிடையாது, டீசல் கிடையாது, ஏலத்தில் அவன் மீனை எடுக்கக் கூடாது, அவன் குப்பத்து ஆள் எல்லை தாண்டி வரக் கூடாது. ஏற்கெனவே கட்டிக்கொடுத்த பெண்கள் அங்கேயே குடித்தனம் பண்ணலாம், ஆனால் சீர் செனத்தி எதுவும் போகக் கூடாது. மீறினால் பத்தாயிரத்தொரு ரூபாய் அபராதம். மீறினவன் படகைத் தள்ள யாரும் கை கொடுக்க மாட்டார்கள்.

அந்தக் கடைசி வரிதான் கழுத்தைப் பிடிக்கிற வரி. மணலில் கிடக்கும் ஃபைபர் படகைத் தண்ணீரில் இறக்க எட்டுப் பேர் வேண்டும். எட்டுப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அவன் கரையில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கொடிமரக்குப்பத்து பாஸ்கருக்கு அரசியல் ஒன்றும் தெரியாது. கூலிக்குப் படகேறுகிறவன். கை தூக்கச் சொன்னபோது தூக்கினான். தூக்கிய கையை இறக்கும்போதுதான், தன் மகள் சினேகாவைப் பக்கத்திலேயே இருக்கும் பூங்காவனக்குப்பத்தில் கட்டிக்கொடுத்திருப்பது அவனுக்கு நினைவு வந்தது. அவளுக்கு இது ஏழாம் மாதம். தலைப்பிள்ளை.

"தூக்கிட்டு வந்தியா கைய?" என்று கேட்டாள் அவன் மனைவி மங்கம்மா. அவள் மீன் கூடைக்காரி. "அந்த வூட்டுல வெந்நி வச்சி குடுக்க ஒரு பொம்பள இல்ல. மாமியாக்காரி போய் சேந்து மூணு வருசம் ஆவுது. மாப்ள எந்நேரமும் எஞ்சின கட்டிகினு அழுவுறாரு. ஒம்போதாம் மாசம் வளையல் போட்டு எம்பொண்ண இங்க இட்டாந்தாவணும். நீ இன்னா பண்ணுவியோ எனக்குத் தெரியாது."

தனக்கும் தெரியாது என்று பாஸ்கர் சொல்லவில்லை. ஒன்பதாம் மாதம் பிறந்ததும் கொட்டகைக்குப் போனான்.

அங்கே மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர் கூட்டமைப்பின் செயலாளர் சவரிநாதன். ஏதோ ஓர் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் தபால் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். சீல் வைக்க ஒன்றும் இல்லாமல் வீட்டில் நொந்துபோயிருந்தவருக்குத் தடை வந்தது மறுபிறவி மாதிரி இருந்தது. மனிதாபிமான விலக்கு கோரும் படிவத்தை அவரே தயாரித்து, அவரே ஜெராக்ஸ் எடுத்து, ஒன்று பத்து ரூபாய்க்குக் கொடுத்தார்.

"கொண்டுபோகும் பொருள்கள்?" என்றார்.

"கண்ணாடி வளையல் இருவத்தோரு டஜன் சார். அப்பால ஏழு வகை சோறு. சக்கரைப் பொங்கல், புளி, எலுமிச்சை, தேங்கா, எள்ளு, கருவேப்பில, தயிர்."

"ஒவ்வொண்ணா வருவோம். இரட்டைப் பயன் இருக்கான்னு பார்க்கணும். சாப்பிடறதுக்குன்னு போய், தொழிலுக்கு உதவக் கூடாது. புளி. புளியை வச்சு எஞ்சினோட பித்தளைப் பாகம் துலக்கலாம். இரட்டைப் பயன்."

"சோத்துல கலந்துதான சார் கீது."

"பிரிச்செடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? தேங்காய். நார் உரிச்சு கயிறு திரிக்கலாம்."

"துருவிதான சார் போடுவோம்."

"துருவினது போக மிச்சம் எங்க போகுது? அதுக்கு நீ கணக்கு சொல்லலையே. தயிர். தயிர் ஐஸ் இல்லாம தாங்காது. ஐஸ் தடை செய்யப்பட்ட பொருள். தயிர் கெடாம போய்ச் சேர்ந்தா நீ ஐஸ் கடத்தியிருக்கேன்னு அர்த்தம்."

"கெட்டுப் போச்சின்னா சார்?"

"மாசமா இருக்கிற பொண்ணுக்குக் கெட்ட தயிர் அனுப்பறது மனிதாபிமானமா?" என்று சவரிநாதன் வருத்தத்தோடு கேட்டார். பாஸ்கருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வளையல் கதை இன்னும் மோசம். கண்ணாடியைப் பொடித்தால் பட்டம் விடும் நூலுக்கு மாஞ்சா போடலாம். மாஞ்சா நூலை ஏற்கெனவே அரசாங்கமே தடை செய்திருக்கிறது. தடைக்குள் தடையாகப் போவதால் வளையல் அடியோடு நிராகரிக்கப்பட்டது. சோறு மட்டும், மூன்று நிரந்தரக் குப்பங்களின் சோதனைக்கு உட்பட்டு, அனுமதிக்கப்பட்டது.

"வளைகாப்பு முடிஞ்சதும் பொண்ண இட்டாரணும் சார். பிரசவத்துக்கு."

சவரிநாதன் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அந்தப் புத்தகமும் அவர் எழுதியதுதான். "உன் பொண்ணு பிறந்தது கொடிமரக்குப்பம். தடை அவளுக்குப் பொருந்தாது. தாராளமா வரலாம்."

பாஸ்கர் கும்பிட்டான்.

"ஆனா வயித்துல இருக்கிறது அப்பன் வழியில பூங்காவனக்குப்பம். விதி மூணு, உட்பிரிவு இ. அது எல்லை தாண்டி வரக் கூடாது."

"அவ வரலாம்..."

"அது வரக் கூடாது."

"ரெண்டையும் எப்டி சார் பிரிக்கிறது?"

"அதுக்கு இயற்கையே ஒரு ஏற்பாடு வச்சிருக்கு," என்றார் சவரிநாதன். "இன்னும் கொஞ்ச நாள்தானே, பொறுத்துக்கோ. அப்புறம் பொண்ணுக்கு ஒரு படிவம், குழந்தைக்கு ஒரு படிவம்."

இதைக் கேட்டு மங்கம்மா கொட்டகையைக் கொளுத்திவிடப்போவதாகச் சொன்னாள். பிறகு கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து அழுதாள். பாஸ்கர் அவள் அழுது பார்த்தது ரொம்ப வருடத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான். படிவத்தை மடித்து மடித்து வைத்தான்.

வளைகாப்பு நாளும் வந்தது. இரண்டு குப்பத்துக்கும் நடுவே, அலை அரிக்காமல் இருக்கக் கடலுக்குள் பாறை கொட்டிய தூண்டில் வளைவு ஒன்று உண்டு. அதுதான் எல்லை. கரைச் சாலை அதைத் தொடும் இடத்தில் இரண்டு பிளாஸ்டிக் டிரம் வைத்து, குறுக்கே மூங்கில் கட்டியிருந்தார்கள். சோதனைக் குழுவினர் மூன்று பேர், கையில் தட்டோடு தயாராக நின்றார்கள். சோற்றுக்குள் எதுவும் ஒளித்துவைக்கப்படவில்லை என்பதைச் சாப்பிட்டுப் பார்த்தால்தான் உறுதி செய்ய முடியும். சக்கரைப் பொங்கலில் அவர்களுக்குச் சந்தேகம் தீரவே இல்லை. மூன்று முறை சோதித்தார்கள். எலுமிச்சைச் சோற்றில் உப்பு குறைவு என்று அறிக்கையில் எழுதினார்கள். கடைசியில் தயிர்ச்சோறு மட்டும் முழுசாக எல்லை தாண்டியது. அது புளித்துவிட்டிருந்தது.

வளையலை மங்கம்மா கொண்டுபோகவில்லை. அவளும் அவளோடு கூடை சுமக்கும் பெண்களுமாக இருபத்தொரு பேர், ஆளுக்கு ஒரு டஜன் வளையலைத் தங்கள் கையில் போட்டுக்கொண்டு, கையை வீசிக்கொண்டு மூங்கிலைத் தாண்டிப் போனார்கள். கையில் கிடக்கும் வளையல் சரக்கில் சேருமா என்று சவரிநாதன் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பதற்குள் கடைசி ஆளும் போய்விட்டாள். சாயங்காலம் இருபத்தொரு பேரும் மொட்டைக் கையோடு திரும்பினார்கள். சவரிநாதன் எல்லாருடைய பேரையும் ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டார்.

வளையல் போட்டாகிவிட்டது. பெண் மட்டும் வரவில்லை. மாப்பிள்ளைக்குக் கஞ்சி வைக்கக் கூடத் தெரியாது என்றும், சினேகா நிறைமாதத்தில் குடம் தூக்கித் தண்ணீர் பிடிக்கிறாள் என்றும் போனில் தெரிந்தது. மங்கம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்கு நடுவே தடை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. பூங்காவனக்குப்பத்து மீனைக் கரையில் யாரும் வாங்கவில்லை. கடலுக்குள் வாங்கினார்கள். விடியற்காலையில் எட்டுக் குப்பத்துப் படகுகளும் ஓரம் கட்டி நிற்க, வெற்றியின் படகுகளில் இருந்து மீன் கூடை கூடையாக இந்தப் பக்கம் வரும். ஐஸ் பெட்டி அந்தப் பக்கம் போகும். மீனுக்கு நெற்றியில் ஊர்ப் பெயர் எழுதியிருப்பதில்லை. தடைப்பட்ட மீன் என்பதால் விலை மட்டும் கூடுதல். இதில் அதிகம் வாங்கியவை பொன்ராஜின் படகுகள். வெற்றி மாடி கட்டினார். சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் பழைய ஐஸ் மெஷின் ஒன்றைப் பிடித்துப் போட்டார். அதை வாங்கிக் கொடுத்துக் கமிஷன் அடித்தவர் பொன்ராஜின் மச்சான்.

இரண்டாம் மாத ஆய்வுக் கூட்டத்தில் யாரோ, தடையால் என்ன பிரயோஜனம் என்று கேட்டுவிட்டார்கள்.

"நல்லா கேட்ட," என்றார் பொன்ராஜ். "வெற்றி வலிக்கிதுன்னு சொன்னானா? சொல்லல. எதுக்கு சொல்லல? வலிய மறைக்கிறான். எந்த அளவுக்கு வலி இருந்தா மாடி கட்டி மறைப்பான், யோசிச்சிப் பாரு. அதனால தடைய இன்னும் இறுக்கணும்னு நான் தீர்மானம் கொண்டாறேன்."

எல்லாரும் கை தூக்கினார்கள். பாஸ்கர் இந்தத் தடவை தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். கை மேலே இருந்ததால் அதையும் எண்ணிக்கொண்டார்கள்.

அந்த வாரமே பொன்ராஜின் படகு எஞ்சின் மண்டையைப் போட்டது. ஒன்பது குப்பத்துக்கும் எஞ்சின் மெக்கானிக் ஒரே ஆள்தான். பாஸ்கரின் மாப்பிள்ளை. தடை போடும்போது இதை யாரும் யோசிக்கவில்லை. ஏற்கெனவே பதினேழு எஞ்சின் கரையில் கிடந்தது. அவையெல்லாம் சின்னக் குப்பத்து எஞ்சின்கள் என்பதால் கூட்டமைப்பின் கவனத்துக்கு வரவில்லை.

பொன்ராஜின் எஞ்சினுக்கு அவசரக் கூட்டம் கூடியது. பத்தே நிமிடம். "மீனவனுக்கு எஞ்சின்தான் உசுரு. உசுருன்னா மனிதாபிமானம்தான?" என்றார் பொன்ராஜ். சவரிநாதன் விலக்கு எழுதினார். பழுதான எஞ்சினும் உடன்வரும் உபகரணங்களும் எல்லையைத் தாண்டிச் சென்று திரும்பத் தடையில்லை. சீல் இரண்டு இடத்தில் குத்தப்பட்டது. மாமனார் போனால் மாப்பிள்ளை சீக்கிரம் முடிப்பான் என்று பாஸ்கரையே குட்டியானை வண்டியில் எஞ்சினோடு அனுப்பினார்கள்.

கிளம்பும் முன் மங்கம்மா அந்தக் காகிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பாஸ்கர் எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"உபகரணம்னா இன்னா?"

"எஞ்சினுக்கு கூடமாட வேண்டிய சாமான்."

"எத்தினின்னு போட்டுகீதா?"

"போடல."

மங்கம்மா வீட்டிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து வண்டியில் ஏற்றினாள்.

எஞ்சின் இரண்டு நாளில் சரியானது. திரும்பி வரும்போது அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு, எஞ்சினையே பிடித்துக்கொண்டு சினேகா உட்கார்ந்திருந்தாள். கை நிறைய வளையல். மூங்கிலுக்கு இந்தப் பக்கம் பொன்ராஜ் பரபரத்துக்கொண்டு நின்றார். ஐந்து நாளாக அவர் படகு கடலுக்குப் போகவில்லை.

"இது யாரு?" என்றார் சவரிநாதன்.

"உபகரணம் சார்," என்றான் பாஸ்கர்.

"எப்படி ஸ்டார்ட் பண்ணணும்னு எங்க வூட்டுக்காரு என்கிட்டதான் சொல்லி அனுப்பிச்சிருக்காரு," என்றாள் சினேகா. "நான் வரக் கூடாதுன்னா பரவால்ல. வண்டிய திருப்பு நைனா, எஞ்சினும் அங்கியே கெடக்கட்டும்."

"எய்துய்யா உபகரணம்னு," என்று பொன்ராஜ் கத்தினார். "கடல்ல மீனு எனக்காவ காத்துகினா நிக்கிது?"

சவரிநாதன் பேனாவைத் திறந்துகொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். நேர்மையான மனிதர். கடைசியில் இப்படி எழுதினார்: உபகரணம், ஒன்று. உள்ளடக்கம் பரிசோதிக்கப்படவில்லை.

ஒன்பதாம் நாள் ராயபுரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் சினேகாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ. மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்கு வந்து, கறை படிந்த கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தூர நின்று பார்த்துவிட்டுப் போனான். நல்லா கைய கழுவிகினு வந்து தூக்கிக்கறேன் என்றான். ராயபுரத்தில் இருந்து வர மூங்கிலைத் தாண்டத் தேவையில்லை என்பதால், தாயும் பிள்ளையும் கொடிமரக்குப்பம் வந்தார்கள். பாஸ்கர் ஊருக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தான். இத்தோடு எல்லாம் முடிந்தது என்றுதான் அவன் நினைத்தான்.

மீன் விற்ற காசில் வெற்றி ஒரு சுருக்குவலை வாங்கினார். அதுவரை அவரிடம் சுருக்குவலை இருந்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வாங்கியதை மாடியில் இருந்து தொங்கவிட்டு, படம் எடுத்து எல்லாருக்கும் வாட்ஸப்பில் அனுப்பினார்.

கூட்டமைப்பு கூடியது. "இதுவரிக்கும் அவன் வச்சிகினு கீறான்னு சந்தேகம்," என்றார் பொன்ராஜ். "சந்தேகத்து மேலதான் தடை போட முடியும். இப்ப நெசமாவே வச்சிகினு கீறான். அப்ப அவனும் பொறுப்பான ஆளுன்னு ஆயிப்போச்சி." தடை நீக்கப்பட்டது. தடை முழு வெற்றி அடைந்ததாகத் தீர்மானம் போட்டார்கள். பெரிய மூன்று, பெரிய நான்கு ஆனது.

நான்காவது நிரந்தர உறுப்பினராக வெற்றி மாலையோடு எழுந்து பேசினார். "என் மேல தடை போட்டீங்கோ. அது தப்பா ரைட்டான்னு நான் பேச வரல. போட்ட தடைய மதிக்கணுமா இல்லியா? இருவத்தோரு பொம்பளைங்க வளையல மாட்டிகினு வந்து தடைய மீறிட்டாங்கோ. என் கண்ணால பாத்தேன், என் குப்பத்துலதான் நடந்துது. சட்டம்னா சட்டம். கொடிமரக்குப்பத்து மேல தடை போடணும்."

சவரிநாதன் கோப்பை எடுத்து இருபத்தொரு பேரையும் வாசித்தார். இந்தத் தடவை மற்ற எல்லாக் கையும் உயர்ந்தது. பாஸ்கர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் கை இல்லாமலே தீர்மானம் நிறைவேறியது.

அதே டிரம், அதே மூங்கில், எதிர்ப்பக்கம் திருப்பிக் கட்டப்பட்டது. வளையல் கதை மறுபடி நடக்காமல் இருக்க, இந்தத் தடவை எந்தப் பக்கத்து ஆளும் மூங்கிலைத் தாண்டக் கூடாது. சாயங்காலம் ஆனால் மாப்பிள்ளை அந்தப் பக்கம் வந்து நிற்பான். சினேகா இந்தப் பக்கத்தில் இருந்து குழந்தையைத் தூக்கிக் காட்டுவாள். ஒரு மாதங்கூட ஆகாத குழந்தைக்கு அவ்வளவு தூரத்தில் அப்பன் எது, கம்பம் எது என்று என்ன தெரியும்? மகளை அவன் இன்னும் தூக்கவில்லை.

பாஸ்கர் மறுபடியும் பத்து ரூபாய் கொடுத்துப் படிவம் வாங்கினான்.

"குழந்தை எந்தக் குப்பம்?" என்றார் சவரிநாதன். "அப்பன் வழியில பூங்காவனம். ஆனா பிறந்தது ராயபுரம். ராயபுரம் நம்ம கூட்டமைப்புலயே இல்ல. இதுக்கு ஒரு துணைக்குழு போட்டு முடிவு பண்ணணும். ஆறு மாசம் ஆகும்."

"சார், முப்பதாம் நாளு பேரு வைக்கணும். கடையில சாமான் தர மாட்டேன்றாங்கோ. கொயந்த வாயில தொட்டு வைக்க சக்கரைக்கூட இல்ல."

சவரிநாதன் மனமிளகினார். அவரும் பேரன் பேத்தி எடுத்தவர். சர்க்கரை, அரைக் கிலோ. குழந்தையின் வாயில் தொட்டு வைக்க மட்டும். இரட்டைப் பயன் கிடையாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தினார். தடை வரலாற்றிலேயே கேட்டவுடன் கிடைத்த விலக்கு இது ஒன்றுதான்.

மங்கம்மா பொட்டலத்தைக் கையில் வைத்து எடை பார்த்தாள். "ஒரு கொயந்தைக்கு எம்மாஞ் சக்கரை வேணும்?"

"ஒரு சிட்டிகை."

சிட்டிகையைக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, மங்கம்மா கூடையைத் தூக்கினாள். நடுப்பகல். பொன்ராஜின் கரையில் ஆண்கள் எல்லாம் கொட்டகை நிழலில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். மீன் கூடையோடு படகோரமாக நடந்து போகிற பொம்பளையை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

மறுநாள் விடியற்காலையில் பொன்ராஜின் எஞ்சின் இரண்டு தடவை இருமி நின்றுவிட்டது. அவசரக் கூட்டம் பத்து நிமிடம் நடந்தது. எஞ்சினும் உடன்வரும் உபகரணங்களும் எங்கும் தடையின்றிச் செல்லலாம் என்று பழைய விலக்கையே தேதி மாற்றி எழுதினார்கள். மெக்கானிக்கிடம் போகிற வழி கொடிமரக்குப்பம். குட்டியானை அங்கே டீ குடிக்க நின்றது. நாற்காலி தயாராக இருந்தது. மூங்கிலுக்குப் பக்கத்தில் சவரிநாதன் குனிந்து பார்த்து, உபகரணம் இரண்டு என்று எழுதி வழிவிட்டார்.

மாப்பிள்ளை ஃபில்டரைக் கழற்றினான். அடியில் அடைத்திருந்ததை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். மாமியார் மகள் கையில் கொடுத்தனுப்பிய காலிப் பொட்டலத்தையும் பார்த்தான். உள்ளே போய், சோப்புப் போட்டு மூன்று தடவை கையைக் கழுவிக்கொண்டு வந்து, மகளை வாங்கிக்கொண்டான். பிறகு பொன்ராஜுக்குப் போன் போட்டான்.

"இன்னா பிராப்ளம்னே புரியல தலைவரே. பேஜாரு புடிச்ச வேலயா கீது. மாசக்கணக்கு ஆவும். உபகரணம்லாம் இங்கியே இருக்கட்டும்."

எஞ்சினில் என்ன கலந்தது என்று கூட்டமைப்பு விசாரணை நடத்தியது. சர்க்கரையாக இருக்குமோ என்று ஒருத்தர் இழுத்தார். சவரிநாதன் கோப்பைப் புரட்டி, சர்க்கரைக்கு இரட்டைப் பயன் கிடையாது என்று தம் கையெழுத்தையும் சீலையும் காட்டி, அந்தப் பேச்சை அத்தோடு முடித்துவைத்தார்.